மெடல் இருக்கு, காயிதம் எங்கே? அர்ஜுனா விருதுக்கு ஆசைப்படும் குமரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன ஐப்பசியில் நல்ல மழை நாள். கருங்கல் பக்கமிருந்து ஒரு அம்மா, ஜவுளிக்கடைப் பையை இன்னொரு பிளாஸ்டிக் கவருக்குள் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு, கராத்தே. திண்ணையில் பையைக் கவிழ்த்தார். நாற்பத்தொரு சான்றிதழ். இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் லேமினேட் செய்திருந்தார்.

"சாரே, பிள்ளைக்கு அர்ஜுனா அவார்டுக்கு எழுதிப் போடணும். எல்லாம் நேஷனலும் இன்டர்நேஷனலுமாக்கும்."

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 'இன்டர்நேஷனல்' என்று பொன்னெழுத்தில் அச்சடித்தவை ஒன்பது. அதில் ஒரு 'உலகப் போட்டி' நடந்த இடம் கல்யாண மண்டபம். எத்தனை நாட்டுக்காரர்கள் வந்தார்கள் என்று பையனிடம் கேட்டேன். "நேபாளத்திலேருந்து ரெண்டு பேரு வந்தாவ சார்" என்றான். அந்தக் குவியலில் உருப்படியாகத் தேறியவை இரண்டு: பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்டப் போட்டிச் சான்றிதழ், வருவாய் மாவட்டப் போட்டிச் சான்றிதழ். லேமினேட் செய்யாமல் விட்டிருந்ததும் அவை இரண்டும்தான். "அச்சு அவ்வளவு வடிவா இல்லியே சாரே, அதான்" என்றார்.

பள்ளிக்கூட கிரவுண்டில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய விசில் ஊதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் இந்த மாதிரிப் பைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்த அம்மாவிடம் சொன்னதையே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது எந்த விருது

மத்திய இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகம் ஆண்டுதோறும் தருவதுதான் தேசிய விளையாட்டு விருதுகள். குடியரசுத் தலைவர் கையால் வாங்குவது. ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து 'அர்ஜுனா அவார்டு' என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே பல வகை உண்டு.

மேலே இருப்பது கேல் ரத்னா. 1991-92ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக வாங்கியவர் நம்ம விஸ்வநாதன் ஆனந்த். ராஜீவ் காந்தி பெயரில் இருந்ததை 2021 ஆகஸ்டில் மேஜர் தியான் சந்த் கேல் ரத்னா என்று மாற்றினார்கள். பரிசு 25 லட்சம் ரூபாய். அடுத்தது அர்ஜுனா, 1961இலிருந்து வருகிறது. 15 லட்சம் ரூபாயும் வில்லேந்திய அர்ஜுனன் சிலையும். முதல் வருஷமே செஸ்ஸுக்காக மானுவல் ஆரோன் வாங்கினார். பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் துரோணாச்சார்யா. ஆட்டத்தை விட்ட பிறகும் விளையாட்டுக்கு உழைக்கிறவர்களுக்கு 2002 முதல் தியான் சந்த் விருது என்று ஒன்று இருந்தது. 2024 விருதுகளோடு அது போய், அந்த இடத்தில் அர்ஜுனா வாழ்நாள் விருது வந்துவிட்டது. பழைய கைடை வைத்துக்கொண்டு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் இதைத் திருத்திக்கொள்ளவும். இதெல்லாம் போக, பல்கலைக்கழகத்துக்கு ஒரு கோப்பையும் அமைப்புகளுக்கு ஒரு விருதும் உண்டு.

2024ஆம் ஆண்டு விருதுகள் 2025 ஜனவரி 17 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில் வழங்கப்பட்டன. தியான் சந்த் பிறந்த நாளான ஆகஸ்ட் 29 அன்றுதான் கொடுப்பார்கள் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். முன்பு அப்படித்தான் வழக்கம். சமீப வருஷங்களில் நவம்பர், ஜனவரி என்று தள்ளிப்போகிறது. அதனால் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அமைச்சகத்தின் இணையதளத்தை வாரம் ஒருமுறை எட்டிப்பாருங்கள். 2024க்கான விண்ணப்பம் நவம்பர் 14 அன்று முடிந்துவிட்டது.

அந்த வருஷம் கேல் ரத்னா நால்வருக்கு: குகேஷ், மனு பாக்கர், ஹர்மன்பிரீத் சிங், பிரவீன் குமார். அர்ஜுனா 32 பேருக்கு. அந்த 32இல் 17 பேர் மாற்றுத்திறனாளி வீரர்கள். நம் மாநிலத்தின் துளசிமதி, நித்யஸ்ரீ, மனிஷா மூவரும் அதில் உண்டு. மூவரும் பாரா பாட்மின்டன். 2022இல் மதுரை ஜெர்லின் அனிகா, காது கேளாதோர் பாட்மின்டனில் வாங்கினார். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் கை, கால் குறைபாடு உள்ள பிள்ளைக்கு பி.டி. பீரியடில் "நீ போய் ஸ்கோர் எழுது மக்கா" என்று நோட்டைக் கொடுத்துவிடுவோம். நானே கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குத் தகுதிப் பிரிவு என்ன, எந்தப் போட்டியில் சேரலாம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கு உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

கணக்கு நாலு வருஷத்துக்கு

நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. வீட்டு ஷோகேஸில் எத்தனை கோப்பை என்று யாரும் எண்ண மாட்டார்கள். முந்தைய நாலு வருஷத்தில் சர்வதேச அளவில் என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி. ஒலிம்பிக், பாராலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை, ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு ஆகியவற்றில் வாங்கிய பதக்கங்களுக்கு மதிப்பெண் உண்டு. நூற்றில் பெரும்பங்கு, அதாவது 80, அந்தப் பதக்கங்களுக்கு. மீதியை, ஆட்டக்காரரின் தலைமைப் பண்பு, ஒழுக்கம், விளையாட்டு எத்தகையது என்பதையெல்லாம் பார்த்துத் தேர்வுக் குழு போடும்.

ஆக, மாநிலத்தில் முதலாவது வந்தவருக்கு அர்ஜுனா கிடையாது. தேசியப் போட்டியில் தங்கம் வாங்கியவருக்கும் அதை மட்டும் வைத்துக் கிடையாது. இதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் மாவட்டமும் மாநிலமும் இல்லாமல் இந்திய அணிக்கு ஏணி ஏது? பதினான்கு வயதில் இந்தச் சான்றிதழ்களை வைத்து விருதுக்கு எழுதிப்போட முடியாது. விருது வரைக்கும் போகும் சரியான ஏணியில் கால் வைக்க அதுதான் வயது.

குழு ஆட்டக்காரர்களிடம் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தூத்தூரிலிருந்து நீரோடி வரைக்கும் கடற்கரையில் கால்பந்து உதைக்காத பையனைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்திய அணியின் சட்டை போட்டு ஆடியவர். ஆனால் குழு ஆட்டத்தில் நீ எவ்வளவு நன்றாக ஆடினாலும் அணி ஜெயித்தால்தான் உன் கணக்கில் பதக்கம் ஏறும். எடை தூக்குகிறவருக்கும் ஓடுகிறவருக்கும் அந்தக் கவலை இல்லை. இதற்காகப் பந்தை விட்டுவிடச் சொல்லவில்லை. விருதை மட்டுமே குறிவைத்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறவன் பாதியில் நின்றுவிடுவான், அதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சங்கம் எது என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் இந்திய அளவில் அங்கீகாரம் பெற்ற தேசிய சம்மேளனம் ஒன்று இருக்கும். அதன் கீழே மாநிலச் சங்கம், அதன் கீழே மாவட்டச் சங்கம். இந்தச் சங்கிலியில் வருகிற போட்டிதான் போட்டி. அங்கீகாரம் பெற்ற சம்மேளனங்களின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. முதலில் அங்கே சம்மேளனத்தின் பெயரைப் பாருங்கள். பிறகு அந்தச் சம்மேளனத்தின் இணையதளத்தில் தமிழ்நாட்டுச் சங்கம் எது என்று பாருங்கள். அந்த மாநிலச் சங்கத்துக்கு போன் போட்டு, "கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உங்க செக்ரட்டரி யாரு சார்?" என்று கேளுங்கள். மாஸ்டர் சொன்ன பெயரும் அவர்கள் சொல்கிற பெயரும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் ஐந்து வருஷம் மாதாமாதம் ஃபீஸ் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பெயர்கள் ஏமாற்றும். 'இந்தியா', 'ஆல் இந்தியா', 'இந்தியன்', 'ஆஃப் இந்தியா' என்று ஒரு சொல்லை முன்னே பின்னே மாற்றிப் போட்டே நாலு அமைப்பு நடக்கும். சில விளையாட்டுகளில் இரண்டு கோஷ்டி கோர்ட்டில் நிற்கும். அங்கீகாரம் போவதும் திரும்ப வருவதும் உண்டு. அதனால் மூத்தவன் சேரும்போது பார்த்தேனே என்று இளையவளுக்குப் பார்க்காமல் விடாதீர்கள். வருஷம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் போட்டிக்கு என்று பணம் கேட்டால்? பணம் கேட்டாலே திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். முறையான இந்திய அணியிலேயே சொந்தச் செலவில் போகிற பிள்ளைகள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி வேறு. செலக்‌ஷன் டிரயல்ஸ் எங்கே நடந்தது? எத்தனை பேர் வந்தார்கள்? என் பிள்ளை யாரை ஜெயித்து அணிக்குள் வந்தான்? இதற்கு நேரான பதில் இல்லாமல், "சீட் ரெண்டுதான் பாக்கி இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டுங்க" என்று வந்தால், அது டூர் பேக்கேஜ். பிள்ளைக்கு ஊர் சுற்றிக் காட்ட ஆசை என்றால் அனுப்புங்கள், தப்பில்லை. பதக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விருதுகளிலும் இதே வியாபாரம் நடக்கிறது. ரத்னா, செம்மல், சிகரம் என்று பெயர் வைத்து, ஏதாவது நட்சத்திர ஓட்டலில் சால்வை போட்டு, 'தேசிய விருது' என்று ஷீல்டு கொடுப்பார்கள். முன்கூட்டியே 'பதிவுக் கட்டணம்' வாங்கியிருப்பார்கள். மறுநாள் ஊரில் ஃபிளெக்ஸ் வேறு. அமைச்சகத்தின் விருதுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அது இந்த விருது இல்லை. தீர்ந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஏணி தனியாக இருக்கிறது, அது இலவசம்: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. அந்தக் கருங்கல் பையனின் அச்சு சரியில்லாத இரண்டு காயிதமும் இந்த ஏணியின் முதல் இரண்டு படிகள்.

காயிதத்தைக் காப்பாற்றுவது

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். மிச்ச நேரத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு, கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு கால்பந்துக்காரப் பையன் தன் ஃபைலைக் கொண்டுவந்து காட்டினான். கூரை போன வீடு. ஈரம் காய்ந்து சான்றிதழெல்லாம் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கிடந்தது. பிளேடு விட்டு மெல்லப் பிரித்தோம். ஒன்றின் ஊதா முத்திரை அடுத்ததன் முதுகில் பதிந்திருந்தது. கையெழுத்து இருந்த மூலையெல்லாம் கையோடு வந்துவிட்டது. ஏழு சான்றிதழில் இரண்டைத்தான் படிக்க முடிந்தது. டூப்ளிகேட் வாங்க அலைந்தான். போட்டி நடத்திய சங்கத்தில் செயலாளர் மாறியிருந்தார், பழைய ரிக்கார்டு யாரிடமும் இல்லை.

சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, வீட்டுக்குப் போகும் வழியிலேயே முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் படம் மங்கிவிடும், டாக்குமெண்டாகப் போடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். பின்னாளில் சரிபார்ப்பவர் முத்திரை வைக்கவும் கையெழுத்துப் போடவும் அந்தக் காயிதத்தின் முதுகு வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல் போதும்.

சான்றிதழ் மட்டும் போதாது. ரிசல்ட் ஷீட்டை போட்டோ எடுத்து வையுங்கள். மொத்தம் எத்தனை பேர், எத்தனை நாடு, நீ எத்தனையாவது இடம், என்ன நேரம், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இந்திய அணிக்குத் தேர்வானால் தேர்வுக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போகும்போது படிவம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கேட்பார்கள். நாட்டுக்காக ஆடியதற்கு ஒன்று, மாநிலத்துக்காக ஆடியதற்கு இரண்டு, பல்கலைக்கழகத்துக்கு மூன்று, பள்ளிக்கு நான்கு. இதை அந்தந்தச் சங்கத்தின் செயலாளரோ பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவரோ, பள்ளிக்கு என்றால் கல்வித் துறை அதிகாரியோ கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஆடிய வருஷமே வாங்கிவிடுங்கள். அர்ஜுனா வரும், வராமல் போகும். எத்தனையோ வீட்டில் சோறு போட்டது அந்தப் படிவம்.

அப்புறம் பெயர். இது நம் மாவட்டத்துக்கே உரிய தலைவலி. ஒரு பேச்சுக்கு, பையன் பெயர் அஜின் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் 'எம். அஜின்'. கோயிலில் ஞானஸ்நானப் பெயர் 'ஜோசப் அஜின்'. ஆதாரில் 'அஜின் மரியதாஸ்'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்ததால், வெளிநாட்டு ரிசல்ட் ஷீட்டில் 'மரியதாஸ்' என்று அப்பா ஓடி ஜெயித்த மாதிரி இருக்கும். டெல்லியில் உட்கார்ந்து சரிபார்க்கிறவருக்கு இவர்கள் நாலு பேர். எட்டாம் வகுப்புக்குள் எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் பெயரை ஒழுங்குபடுத்திவிடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வந்த பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல்.

பிறந்த தேதியைக் குறைக்கிற வேலை மட்டும் வேண்டாம். ஜூனியரில் இன்னொரு வருஷம் ஆடலாமே என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கும் சோதனை வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மாட்டினால் தடை. பிள்ளையின் பெயர்தான் கெடும், ஐடியா கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது.

மாவட்டத்தில் எங்கே போவது

நாகர்கோவில் அண்ணா விளையாட்டு அரங்கம். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரைப் பார்க்க அங்கேதான் போக வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட முகம் அவர். முதலமைச்சர் கோப்பைப் போட்டிக்கு ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, மாற்றுத்திறனாளி, அரசு ஊழியர் என்று எல்லோருக்கும் இடம் உண்டு. விளையாட்டு விடுதிச் சேர்க்கை, மாநில அரசின் விளையாட்டு விருது, எலைட், மிம்ஸ் போன்ற உதவித் திட்டங்கள் எல்லாவற்றையும் இந்த ஆணையத்தின் வழியாகத்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வாகி டிக்கெட்டுக்குப் பணமில்லாமல் நிற்கிற பிள்ளைக்கு, 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் விண்ணப்பிக்கலாம். சங்கத்தின் தேர்வுக் கடிதம் கையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன கல்யாண மண்டப உலகப் போட்டிகளுக்கு இந்த வாசல் திறக்காது.

ஒரு யோசனை. அங்கே போனால் குறையைக் கொட்டிவிட்டு வராதீர்கள். பிள்ளையின் பெயர், வயது, ஆட்டம், இதுவரை வந்த இடம், இவ்வளவையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அலுவலர்கள் மாறுவார்கள், தாள் ஃபைலில் இருக்கும்.

விண்ணப்பிக்கும் நாள்

நாலைந்து வருஷம் கழித்து, எல்லாம் கைகூடி, பிள்ளை இந்தியாவுக்குப் பதக்கம் வாங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். இனி?

விண்ணப்பம் முழுக்க ஆன்லைன். சம்மேளனமே பரிந்துரைக்கலாம். முன்பெல்லாம் அவர்களை நம்பித்தான் இருக்க வேண்டும். இப்போது ஆட்டக்காரரே நேராக விண்ணப்பிக்கலாம், யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. இந்த ஒரு மாற்றம் நம்மைப் போல டெல்லிக்கு இரண்டு நாள் திருக்குறள் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து போக வேண்டிய ஊர்க்காரர்களுக்குப் பெரிய காரியம். ஆனால் இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. சங்கம் போட்டிருக்கும் என்று ஆட்டக்காரரும், அவரே போட்டுவிடுவார் என்று சங்கமும் சும்மா இருந்துவிடுவது.

2024 டிசம்பரில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கரின் பெயர் கேல் ரத்னா பட்டியலில் இல்லை என்று செய்தி வந்தது. நாடே கூச்சல் போட்டது. கடைசியில், விண்ணப்பிப்பதில் தன் பக்கம் பிசகு நேர்ந்திருக்கலாம் என்று அவரே எழுதினார். பிறகு சரியாகி, விருதும் வந்தது. ஒலிம்பிக் பதக்கம் இருந்ததால் ஊர் கேட்டது. நம் ஊர்ப் பிள்ளைக்கு யார் கூச்சல் போடுவது? விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான எண்ணை எழுதி வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

கடைசி நாளன்று இ-சேவை மையத்தில் போய் நிற்காதீர்கள். அன்றைக்கு கரண்ட் இருக்காது, கரண்ட் இருந்தால் சர்வர் இருக்காது. ஸ்கேன் எல்லாம் முன்பே மெயிலில் இருந்தால் வேலை ஒரு மணி நேரம்தான். சாதனைப் பட்டியலில் நாலு வருஷத்துக்குள் வந்ததை மேலே எழுதுங்கள். ஆறாம் வகுப்பில் நூறு மீட்டரில் முதலாவது வந்ததை எழுத வேண்டாம்.

ஒருமுறை அர்ஜுனா வாங்கியவருக்கு மறுபடி அர்ஜுனா இல்லை, மேலே கேல் ரத்னாவுக்குப் போகலாம். தலைகீழாகப் போக முடியாது. 2020இல் சாக்‌ஷி மாலிக், மீராபாய் சானு இருவர் பெயரையும் தேர்வுக் குழு அர்ஜுனாவுக்குப் பரிந்துரைத்தும், ஏற்கெனவே கேல் ரத்னா வாங்கியவர்கள் என்று அமைச்சகம் எடுத்துவிட்டது.

தகுதி இருந்தும் பெயர் விட்டுப்போனால் கேட்கலாம். 2014இல் குத்துச்சண்டை வீரர் மனோஜ் குமாருக்கு ஊக்கமருந்துச் சிக்கல் இருப்பதாகத் தவறாக எண்ணி அவர் பெயரை விட்டுவிட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் அர்ஜுனாவை வாங்கினார்.

ஊக்கமருந்து என்றதும் ஊசி, மாத்திரை என்று நினைக்க வேண்டாம். இருமல் மருந்திலும் இருக்கலாம், ஜிம்மில் டப்பாவில் விற்கிற பவுடரிலும் இருக்கலாம். தடையில் இருப்பவருக்கும் விசாரணையில் இருப்பவருக்கும் இந்த விருது கிடையாது. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது அங்கே செல்லாது. நம் மாவட்டத்தில் சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் வர்ம ஆசானிடம் போகிற பழக்கம் உண்டு. தடவுகிற எண்ணெய்க்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். உள்ளுக்குக் கொடுக்கிற லேகியம், கஷாயம் என்றால் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் குடிக்காதீர்கள். டாக்டரிடம் போனாலும் "பிள்ளை போட்டிக்குப் போறா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோச், கல்லூரி, சிலம்பம்

1985இல் முதல் துரோணாச்சார்யா வாங்கியவர்களில் ஒருவர் பி.டி. உஷாவின் கோச் ஓ.எம். நம்பியார். உஷாவைப் பள்ளி வயதிலிருந்து பார்த்தவர். இப்போதெல்லாம் பிள்ளை கொஞ்சம் மேலே போனதும் கேம்ப், அங்கே வேறு கோச். விருதுப் படிவத்தில் கடைசிக் கோச்சின் பெயர்தான் நிற்கும். கிராமத்து பி.டி. சாரும் டீச்சரும் போட்டோவின் ஓரத்தில்கூட இருக்க மாட்டார்கள். இதில் எனக்குச் சொந்தக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. கோச்களுக்குச் சொல்வது: யாருக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பயிற்சி கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, தலைமை ஆசிரியரிடம் வருஷா வருஷம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் பல்கலைக்கழகங்களுக்குத் தரப்படுகிறது. 2024இல் சண்டிகர் பல்கலைக்கழகம் வாங்கியது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ படித்துக்கொண்டு நீங்கள் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஜெயித்தால், அது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறும். கோப்பை உங்கள் கைக்கு வராது. படிவம் மூன்று வரும், அதை விட்டுவிடாதீர்கள்.

சிலம்பத்துக்கு அர்ஜுனா உண்டா என்று கேட்காத ஆள் இல்லை. அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் வர்மமும் இருக்கிற மண்ணில் அது நியாயமான கேள்விதான். நாட்டு விளையாட்டுகளுக்குக் கதவு மூடியில்லை. கோ-கோவுக்கு 2020இல் சரிகா காலே வாங்கினார். மல்லர்கம்பத்துக்கு 2021இல் ஹிமானி பரப், 2022இல் சாகர் ஓவல்கர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆனால் சிலம்பத்தில்தான் சங்கங்களின் எண்ணிக்கை கம்பின் எண்ணிக்கையை மிஞ்சுகிறது. எனவே மேலே சங்கத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கருங்கல் அம்மா கிளம்பும்போது மழை விட்டிருந்தது. முப்பத்தொன்பதையும் திரும்பப் பையில் போட்டார். இரண்டை மட்டும் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பையன் முதலமைச்சர் கோப்பைக்குப் பதிவு செய்வது எப்படி என்று என் போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லேமினேஷன் பண்ணுனத இஸ்திரிப் பெட்டி வச்சா பிரிஞ்சு வருமா சாரே?" என்று கேட்டார்.

வராது. எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.